வண்டலூருக்கு வந்த ஸ்வெட்டர்கள்

1

எங்கள் பதினேழாவது கல்யாண நாளன்று காலையில், வெலிங்டன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி விவாகரத்து விண்ணப்பத்தை டவுன்லோட் செய்தேன். வேண்டுமென்றே அந்த நாளைப் பிடித்துக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அன்றுதான் லீவு. விண்ணப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டலூரிலிருந்து குமரனின் செய்தி வந்தது. "ஹேப்பி ஆனிவர்சரி. ஃபார்ம் கிடைச்சுதா?"

உடனே உச்சுக் கொட்டாதீர்கள். எங்களுக்குள் அடிதடி எதுவும் இல்லை. நான் நியூசிலாந்தில் ஒரு கண்ணாடிக் கடையில் அவரவர் மூக்குக்கு ஏற்ற ஃப்ரேம் பார்த்துக் கொடுக்கிறேன். குமரன் வண்டலூரில் தகரக் கூரை போட்ட ஷட்டில் கோர்ட்டை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறான். அவனுக்கு வெலிங்டன் காற்று ஆகவே ஆகாது. குடையை விரித்தால் குடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போகிற ஊர் அது. எனக்கோ அந்தக் காற்று இல்லாவிட்டால் மூச்சு விட்ட மாதிரியே இருக்காது. அவனுடைய அப்பா கால் முறிந்து படுத்தபோது, ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. வா என்று நானும் இழுக்கவில்லை. போன வருடம் ஜூன் மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "நாம இன்னும் புருஷன் பொண்டாட்டிதானா குமரா?" என்று கேட்டேன். "ஃப்ரெண்ட்ஸ்னுதான் தோணுது" என்றான். அவ்வளவுதான். ஒரு தட்டுகூட உடையவில்லை.

எங்கே போய்ப் பிரிவது என்பதில்தான் சிக்கல். கல்யாணம் நடந்தது வெலிங்டனில், விருந்து தாம்பரத்தில். பெண் வெலிங்டனில், மாப்பிள்ளை வண்டலூரில். ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். "கட்டுன ஊர்லதான் அவுக்கணும்" என்றாள் வெலிங்டனில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ் அக்கா. "புருஷன் எங்க இருக்கானோ அந்த ஊர் கோர்ட்டுதான் செல்லும்" என்றான் என் அண்ணன். பதினைந்து வயது தியா, எங்கள் மகள், டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே தீர்ப்பு சொன்னாள். "ரெண்டு பேரும் மிடில்ல மீட் பண்ணுங்க. சிங்கப்பூர்?"

2

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமா என்றால் குமரனின் அப்பா. கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயிலில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். கடைசிப் பெட்டியில் நின்று கொடி காட்டுவது, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதுவது, இதுதான் அவர் உத்தியோகம்.

நான் பொழிச்சலூர்ப் பெண். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை அப்படியே நிறுத்தி, சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது எங்கள் ஏரியா வழக்கம். வெலிங்டன் கடையிலும் ஒருநாள் விமானச் சத்தம் கேட்டு அனிச்சையாக நிறுத்திவிட்டேன். இவளுக்கு இங்கிலீஷ் வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து, கூட வேலை பார்க்கிறவள் பரிவோடு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நானும் குமரனும் பழகியது பல்லாவரத்தில் ஏறும் காலேஜ் ரயிலில். கொடுமை என்னவென்றால் பாதி நாள் அந்த வண்டிக்குக் கார்டு அவன் அப்பா. அவர் கடைசிப் பெட்டியில் என்பதால் நாங்கள் முதல் பெட்டிக்கு ஓடுவோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஓடியது அப்போதுதான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அவர்கள் முருகன் படத்துக்குப் பூப் போடுகிற குடும்பம். விஷயம் வெளியே வந்தபோது மாமா சொன்னது ஒரே வாக்கியம். "கார்டு கொடி காட்டாம எந்த வண்டியும் கெளம்பாது."

நாங்கள் கிளம்பிவிட்டோம். நான் படிக்கப் போன ஊருக்கு அவனும் வேலை தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான். வெலிங்டன் பதிவு அலுவலகத்தில் என் அறைத்தோழியும் வீட்டு ஓனரும் சாட்சி, பத்து நிமிடத்தில் கல்யாணம். இந்தத் திருமணத்துக்கு ஏதேனும் தடை உண்டா என்று அதிகாரி கேட்டபோது 'மாமனார்' என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு வருடம் கழித்து ஊருக்கு வந்தோம். அந்த ஒரு வருடமும் எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர், தாம்பரத்தில் மண்டபம் பிடித்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். விருந்து முடிந்த மறுநாள் கல்யாண சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கினார். "ஒரிஜினலா? குடு. அங்க இருந்தா காத்துல பறந்துடும்." அன்று மாலையே அதை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். குமரனின் அம்மா காலமானபிறகும் எனக்கு வாரம் தவறாமல் போன் செய்தவர் அவர். என் அப்பாவும் காலமாகி, அம்மா அண்ணனோடு பெங்களூரு போய், பொழிச்சலூர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியபிறகு எனக்கு ஊரில் மிஞ்சியது அவருடைய வண்டலூர் வீடுதான். டிசம்பர் டிசம்பருக்கு நானும் தியாவும் வந்து இறங்குவது அங்கேதான். விடிகாலையில் மிருகக்காட்சிசாலைச் சிங்கம் கர்ஜிக்கும், அதுதான் எங்களுக்கு அலாரம்.

இப்போது புரிந்திருக்கும். எனக்குப் புருஷன் போவதில் பயம் இல்லை. மாமனார் போய்விடுவாரோ என்றுதான் பயம். சட்டப்படி அவர் எனக்கு யாரும் இல்லை என்று ஆகிவிட்டால், எந்த உரிமையில் போய் அந்த கேட்டைத் திறப்பேன்? சொந்த ஊரில் ஹோட்டலில் ரூம் போடுகிற நிலைமை வந்தால் நான் ஊருக்கே வரமாட்டேன். அதனால் ஒன்றரை வருடமாக நாங்கள் அவரிடம் மூச்சு விடவில்லை. டிசம்பரில் நானும் தியாவும் ஏசி ரூமில் படுத்துக்கொள்வோம். மேட்ச் பார்க்கிறேன் என்று குமரன் ஹாலில் பாயை விரித்துக்கொள்வான். ராத்திரியில் எந்த நாட்டு மேட்சோ, அவனுக்கே வெளிச்சம்.

3

இந்த டிசம்பரில் இரண்டு பேருமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது, மாமாவிடம் பிறகு பக்குவமாகச் சொல்வது என்று திட்டம். மேற்குத் தாம்பரத்தில் நோட்டரியாகவும் இருக்கிற ஒரு வக்கீல் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நேரம் வாங்கியிருந்தான் குமரன். அவர் முதலில் கேட்டது கல்யாண சர்டிபிகேட். அதுவோ மாமாவின் பீரோவில்.

"எதுக்கும்மா இப்ப அது?" என்றார் மாமா.

"பாஸ்போர்ட் வேலை மாமா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் ஒரு கட்டை ஏறிவிடும் என்று தியா சொல்வாள்.

மாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பீரோவைத் திறந்தார். "தாம்பரம்தானே? எனக்கும் அங்க ஒரு வேலை கீது, நானும் வரேன்" என்றார். பாதி வாழ்க்கை ரயில்வே குவார்ட்டர்ஸில் கழிந்ததில் அந்த 'கீது' மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கையில் கைத்தடி, தோளில் மஞ்சள் பை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தியா மட்டும் வரவில்லை. அவள் அப்பாவின் கோர்ட்டில் ஊர்ப் பையன்களை வரிசையாகத் தோற்கடித்து, அவர்களிடமிருந்து "செம", "மொக்க" என்ற இரண்டு தமிழ்ச் சொற்களை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள்.

பஸ் பெருங்களத்தூரில் நின்று, இரும்புலியூரில் நின்று, தாம்பரம் போய்ச் சேர்ந்தோம். வக்கீல் ஆபீஸ் கட்டிடத்தின் கீழே டீக்கடையில் மாமாவை உட்காரவைத்து, காபியும் பேப்பரும் கொடுத்துவிட்டு, நகல் எடுக்கப் பக்கத்துக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, இத போய் லேமினேட் போட்டு வெச்சுகினு கீறீங்க? பளபளன்னு அடிக்குது, காப்பில ஒண்ணியும் தெர்ல."

"எங்க மாமனார் பண்ணது அண்ணா."

"பாசமாத்தான் பண்ணிகிறாரு. இன்னா, மெஷினுக்குப் பாசம் புரியாது."

நாலாவது தடவையில் எங்கள் பெயராவது தெரிந்தது.

4

வக்கீல் அம்மாவின் ஆபீஸ் மாடியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல். அறுபது வயது இருக்கும். மேஜையில் பாதி ஃபைல், பாதி எலுமிச்சம்பழம். நாங்கள் உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். பேப்பர் சரி பாத்து வெச்சிடலாம். கையெழுத்து, சீல் எல்லாம் பன்னெண்டுக்கு மேலதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விவாகரத்துக்குக் கூடவா மேடம் நல்ல நேரம் பாக்கணும்?"

"அதுக்குத்தாம்மா முக்கியமா பாக்கணும். கல்யாணம் தப்பாப் போனா விவாகரத்து பண்ணிக்கலாம். விவாகரத்து தப்பாப் போனா எங்க போவீங்க?"

விண்ணப்பத்தையும் நகலையும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

ஆனால் மனுஷி கெட்டிக்காரி. நாலு மாதமாக நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியை நாலு வரியில் முடித்தார். "கல்யாணம் எந்த ஊர்ல நடந்துச்சுன்னு அந்த நாட்டுக் கோர்ட் பெருசாப் பாக்காது. உங்கள்ல ஒருத்தருக்கு நியூசிலாந்துதான் நிரந்தர வீடா, அதைத்தான் கேக்கும். நீங்க அங்க இருக்கீங்க, போதும். அங்கயே போடுங்க. ஒருத்தர் மட்டும் போட்டு இன்னொருத்தர் தலையே காட்டாம இருந்தாத்தான் நாளைக்கு இந்த ஊர்ல அது செல்லுமான்னு வம்பு வரும். ரெண்டு பேரும் மனசொத்து, சேந்து போடறீங்க. நல்லது. தாம்பரத்துல பண்ணது விருந்து, அதுக்கு விவாகரத்து தேவையில்ல."

எனக்கும் குமரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் அவர் விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும்னு அவங்க சட்டம். பிரிஞ்ச தேதி எது?"

"போன வருஷம் ஜூன்" என்றான் குமரன்.

"இல்ல, அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்" என்றேன் நான்.

"ஆகஸ்ட்ல நான் அப்பாவைப் பாக்கத்தானே வந்தேன்? ஆறு மாசத்துக்குன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்? முடிவு பண்ணது ஜூன்ல."

"ஜூன்னா ஒன்றரை வருஷம்தான் ஆச்சு" என்றார் வக்கீல். "இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணும். ஊர் விட்டு வந்த தேதி மட்டும் போதாதும்மா. இனிமே சேந்து வாழப் போறதில்லைன்னு மனசுல முடிவு பண்ண தேதி வேணும். சத்தியம் பண்ணி எழுதற விஷயம், குத்துமதிப்பாப் போட முடியாது."

இன்னும் ஆறு மாதம் என்றால் இன்னும் ஆறு மாதப் பொய். வாராவாரம் மாமா போன் பண்ணுவார், நான் குரலை ஒரு கட்டை ஏற்றிப் பேச வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்கப்பா மூஞ்சிய பாத்து இன்னும் எத்தன நாள்டா நடிக்கறது?" என்று கத்திவிட்டேன்.

வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி நின்றார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "பாஸ்போர்ட் ஆபீஸு ரொம்பச் சின்னதா கீதே" என்றார்.

5

குமரன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றான். மாமா அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்தார். இந்த வருடத்து டைரி அல்ல, இரண்டு வருடத்துக்கு முந்தையது. சர்டிபிகேட்டைக் கேட்டபோதே விஷயத்தை ஊகித்து எடுத்து வந்திருக்க வேண்டும்.

ரிடையர் ஆனபிறகு எழுத வண்டி இல்லாததால் அவர் வீட்டை எழுத ஆரம்பித்திருந்தார். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எப்போது போனார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் கேலி செய்வோம். பால்காரர் லேட்டானால் அவருக்கு மெமோ கொடுப்பீர்களா மாமா என்று நானே கேட்டிருக்கிறேன்.

"தேதிதானேம்மா வேணும்?" என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆகஸ்ட் மாதப் பக்கத்தைப் பிரித்துத் தேதியைச் சொன்னார். பிறகு வாசித்தார். "காலை ஆறு நாப்பது. குமரன் வந்தான். பெட்டி ரெண்டு. பெரிய பெட்டியில் முழுக்க ஸ்வெட்டர். பதினொன்று எண்ணினேன்."

டைரியை மூடினார். "இவன் வாயால சொன்னது ஆறு மாசம். ஆனா வண்டலூருக்கு எவனாச்சும் பதினொரு ஸ்வெட்டர் எடுத்துகினு வருவானா? திரும்பிப் போறவன் அதை அங்கயே விட்டுட்டு வருவான். இவன் அன்னிக்கே இறங்கிட்டாம்மா. அதான் தேதி."

குமரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த ஸ்வெட்டர்களை எனக்குத் தெரியும். நாலைந்து நானே வாங்கிக் கொடுத்தவை. அவன் ஊருக்குப் போனபிறகு அலமாரியில் வெறும் ஹேங்கர் தொங்குவதைப் பார்த்துப் போனில் கேட்டேன். பழையதை எல்லாம் தானமாகத் துணி வாங்கும் கடையில் போட்டுவிட்டதாகச் சொன்னான். நம்பினேன். விமான நிலையத்தில் நான் கையசைத்துக்கொண்டிருந்தபோதே அவன் என்னை விட்டுப் போய்விட்டான் என்பது, இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து, எலுமிச்சம்பழம் வைத்த மேஜைக்கு முன்னால் தெரிந்தது. வலித்தது. நட்பாகப் பிரிகிறோம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேனே, அதனால் கூடுதலாகவே வலித்தது.

"ஏன்டா சொல்லல?"

"எனக்கே தெரியல ஸ்டெல்லா. பெட்டி கட்டும்போது கை அதுவா எடுத்து வெச்சுது. இங்க வந்து தொறந்து பாத்தப்பதான் எனக்கே புரிஞ்சுது. சாரி. அப்பவே சொல்லியிருக்கணும்." அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. பதினேழு வருடத்தில் அவன் சொன்ன உருப்படியான சாரி அது ஒன்றுதான். போனால் போகிறது என்று ஏற்றுக்கொண்டேன்.

வக்கீல் அம்மா தொண்டையைச் செருமினார். "அதுக்கப்புறம் ஒரே வீட்டுல தங்கினீங்களா?"

நான் பேசுவதற்குள் மாமா முந்திக்கொண்டார். "வருஷா வருஷம் டிசம்பர்ல இவங்க வரும்போது ஒரே வீடுதான். ஆனா இவன் ஹால்ல, அந்தப் பொண்ணுங்க ரூம்ல. மொத வருஷத்துலேர்ந்தே அப்படித்தான். அதையும் எழுதி வெச்சிருக்கேன். மேட்ச் பாக்கறானாம், மேட்ச்சு. டிவி ஸ்விட்சே போட்டிருக்கமாட்டான்."

வக்கீல் சிரித்துக்கொண்டே தேதியை எழுதினார். மணி பதினொன்றே கால். ராகு காலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம்.

"ராகு காலத்துல நான் எத்தன வண்டி எடுத்திருக்கேன், ஒண்ணும் தடம் பொரண்டதில்ல" என்றார் மாமா. அப்போதுதான் அவர் ரயில்வே கார்டு என்பது வக்கீலுக்குத் தெரிந்தது. தாம்பரத்திலிருந்து பாரிமுனை கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் போனவர் அந்த அம்மா. "படிக்கட்டு எறங்கி ஓடி வருவேன், என் கண்ணு முன்னாடியே எட்டு பத்து வண்டி கெளம்பிப் போவும். அது நீங்கதானா சார்?" என்று சண்டைக்கே போய்விட்டார். மாமாவும் விடவில்லை. "எட்டு பத்துன்னா எட்டு பத்துதாம்மா. எட்டு பன்னெண்டுக்கு வந்துட்டு கார்டைத் திட்டினா எப்படி?" எங்கள் விவாகரத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் பன்னிரண்டு மணி வரை அந்த ரயிலுக்கு வழக்கு நடத்தினார்கள்.

பன்னிரண்டு அடித்ததும் வக்கீல் சீலை எடுத்தார். குமரன் கையெழுத்துப் போட்டான். அடுத்து நான் பேனாவை வாங்கினேன். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு நாலு" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்து, "ரைட்" என்றார்.

அன்று வெலிங்டனுக்குக் காட்டாத கொடி அது. நான் கையெழுத்துப் போட்டேன்.

6

கீழே இறங்கி ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜன்மம் நான். கேட்டேவிட்டேன். "மாமா, இனிமே நான் இங்க வரலாமா?"

"வஞ்சிரம் ஆறிப் போவுது, சாப்புடு" என்றார்.

வீட்டுக்குப் போய் தியாவிடம் சொன்னோம். "ஃபைனலி! தாத்தாக்குத் தெரியாதுன்னு நெனச்சது நீங்க ரெண்டு பேர்தான். செம மொக்க" என்றாள். கற்ற சொற்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டாள். அவளுக்குக் கவலை இல்லை, அவள் பேத்தி. எந்தக் கோர்ட்டும் அதை ரத்து பண்ண முடியாது. நான்தான் யார் என்று தெரியாமல் அடுத்த ஒரு வாரமும் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நுனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தேவையில்லாமல் பாத்திரம் தேய்த்தேன். மாமா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பும் நாள் காலை சிங்கம் எழுப்பிவிட்டது. பெட்டியெல்லாம் வாசலில் தயாராக இருந்தது. மாமா பேப்பர் வாங்கப் போயிருந்தார். ஹால் மேஜையில் இந்த வருடத்து டைரி இருந்தது. அடுத்தவர் டைரியைப் படிப்பது தப்புதான். அது பால்காரரின் வருகைப் பதிவேடு என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமையைத் திருப்பினேன்.

"12.04 – தாம்பரம். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

1.20 – சாப்பாடு. ஸ்டெல்லா சரியாகச் சாப்பிடவில்லை.

5.00 – ஏசிக்காரனுக்குப் போன் செய்தேன். மாடி ரூமுக்கு ஒன்று போட வேண்டும், கட்டிலும் வாங்க வேண்டும். அடுத்த டிசம்பருக்குள் முடிக்கவும். அது ஸ்டெல்லா ரூம். குமரன் இனி ஹாலில் படுக்க வேண்டாம், இடுப்பு வலி என்கிறான்."

கண்ணாடிக் கடைக்காரிக்கே எழுத்து மங்கலாகத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தெருவில் கைத்தடிச் சத்தம் நெருங்கி வந்தது. அவசரமாக அன்றைய பக்கத்துக்குத் திருப்பி, பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்து எழுதினேன்.

"5.50 – ஸ்டெல்லா படித்துவிட்டாள். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போடவும். அவளுக்குக் காற்று வேண்டும்."